கல்லில் ஓர் ஊரின் பெயர்

சிவமயம்

ஆற்றடிக்குறிச்சி,
சீவலப்பேரி வழி.
பிரமாதி ஆண்டு, ஆடி 2
(18-7-1999)

அன்பிற்குரிய நமச்சிவாயம் அவர்களுக்கு, அம்பலவாணன் எழுதுவது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு என் கையெழுத்தைக் காண்கிறீர்கள். உறையைப் பிரிக்காமலே கிழித்தெறிய உங்களுக்கு உரிமை உண்டு. பிரித்துவிட்டீர்களானால் இறுதிவரை படியுங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன்.

நம் ஊர்க் கீழத்தெரு இசக்கியம்மாளின் மகன் அப்பாத்துரை, சென்ற மாதம் கார்கில் போரில், திராஸ் மலைமுகட்டில் வீழ்ந்தான். நாளிதழில் பார்த்திருப்பீர்கள். கொடி போர்த்திய பெட்டி பாளையங்கோட்டையிலிருந்து வந்தபோது வழிநெடுகக் கூட்டம். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு வரப்பில் வரிசையாக ஏறி நின்றார்கள். மூன்று நாள் ஊரில் ஒரு கடை திறக்கவில்லை.

அவன் படித்த நம் பள்ளிக்கூட வாசலில் அவனுக்கு ஒரு கல் நாட்டுவதென ஊரார் முடிவு செய்திருக்கிறோம். வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பது இம்மண்ணின் பழைய அறம். ஆகஸ்டு பதினைந்தில் திறப்பு. ஓய்வுபெற்ற தாசில்தார் ஞானசம்பந்தன் விழாக்குழுவின் தலைவர். கல்லில் பொறிக்க ஒரு வெண்பா இயற்றும் பணியை எனக்கு அளித்திருக்கிறார்கள்.

இரண்டு அடிகள் எழுதினேன். மூன்றாம் அடி வரவில்லை. எழுதுகோலை எடுத்த போதெல்லாம் உங்கள் மகன் கோமதிசங்கரின் பெயரே முன்வந்து நின்றது. அவனும் இதே பள்ளியில், என் வகுப்பில் அமர்ந்து படித்தவன். அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டு, 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் உயிர்நீத்தவன். அவனை விட்டுவிட்டு மற்றொருவனுக்கு மட்டும் கல் நாட்டுவது முறையன்று எனக் குழுவில் கூறினேன். தந்தை எழுத்து மூலம் சம்மதித்தால் பார்க்கலாம் என்கிறார்கள். அச்சம்மதத்தை வேண்டியே இம்மடல்.

அந்நாளில் நம்மிடையே நடந்துவிட்ட மனத்தாங்கலுக்காக வருந்துகிறேன். காலத்தின் சூழல் அப்படி அமைந்துவிட்டது. உங்கள் துணைவியார் உலகம்மாள் அவர்களுக்கு என் வணக்கம்.

இங்ஙனம்,
அம்பலவாணன்

---

நாங்குநேரி,
24-7-99

புலவர் அம்பலவாணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சம்மதம் இல்லை.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். உலகம்மாள்தான், “நாலு பக்கம் எழுதியிருக்காவ, நாமளும் நாலு வரி எழுதணும்லா?” என்றாள். அவளுக்காக எழுதுகிறேன்.

‘நடந்துவிட்ட மனத்தாங்கல்’ என்று எழுதியிருக்கிறீர், ஏதோ மழை பெய்து ஓய்ந்ததுபோல. அது தானாக நடக்கவில்லை. நீர் செய்தது. மறந்திருந்தால் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம் அவன் பெட்டி வந்தது. உடம்பு வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். இரும்புப் பெட்டிக்குள் இரண்டு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கொள்ளி வைக்க உடம்பு இல்லை. கோவிலில் மோட்ச விளக்காவது ஏற்றுவோம் என்று நானும் உலகம்மாளும் தூக்குவாளியில் நல்லெண்ணெயோடு வந்தோம். நீர் அப்போது தர்மகர்த்தா. கொடிமரத்துப் பக்கத்தில் நின்று கையை நீட்டி மறித்தீர். “நம் சொந்த இனத்தின்மேல் துப்பாக்கி நீட்டப் போனவனுக்கு இந்தச் சந்நிதியில் விளக்கு எரியாது” என்றீர். அங்கே பதினோரு பேர் நின்றார்கள். ஒருத்தராவது வாயைத் திறப்பாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்ததால் எண்ணிக்கை நினைவிருக்கிறது. எண்ணெயோடு திரும்பி நடந்தோம்.

அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்றே கப்பல் ஏறும்வரை அவனுக்குத் தெரியாது. அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. “தமிழ் பேசுற ஊருக்குத்தான் வந்திருக்கோம்பா, இனிச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை” என்று எழுதியிருந்தான். அவனைத்தான் இனத்துரோகி ஆக்கினீர்.

மூன்றே மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கி இந்த ஊருக்கு வந்தேன். தபால்காரனாகவே ஓய்வும் பெற்றுவிட்டேன். பரம்பரைச் சைவன் இப்போது வானமாமலைப் பெருமாளைத்தான் கும்பிடுகிறேன். அவர் எங்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

உம்முடைய மூன்றாம் அடிக்கு வேறு யாராவது கிடைப்பார்கள்.

நமச்சிவாயம்

---

சிவமயம்

ஆற்றடிக்குறிச்சி,
ஆடி 12
(28-7-1999)

அன்பிற்குரிய நமச்சிவாயம் அவர்களுக்கு,

நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் உண்மை. அதைச் செய்தவன் நான். சூழலின் பின்னே ஒளிந்துகொள்ள முயன்றது இரண்டாம் குற்றம்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு உறக்கமின்றி இருந்தேன். மண்டபம் முகாமுக்குத் துணியும் அரிசியும் திரட்டிச் சென்று, அங்கே தாய்மார் சொன்னவற்றைக் கேட்டுத் திரும்பியிருந்தேன். அந்தத் துயரம் மெய். அதை இன்றும் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் துயரத்துக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் எனக்கு எட்டாத உயரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டியவர்கள் நீங்கள் இருவர். எண்ணெய் வாளியோடு வந்த ஒரு தாயை மறிப்பது எனக்கு எளிதாக இருந்தது. அதை நான் வீரம் என்று நினைத்தேன்.

ஐம்பது ஆண்டுகளாகத் திருமுறை ஓதுகிறேன். அந்த வாயிலின் காவலன் என்று என்னை நியமித்தவர் யார்? விளக்கு இறைவனுடையது. யாருக்கு எரியலாம் என்று தீர்ப்புச் சொல்ல தர்மகர்த்தாவுக்குப் பட்டயம் எதுவும் எழுதித் தரப்படவில்லை. இதை உணர எனக்கு மற்றொரு தாயின் பிள்ளை சாக வேண்டியிருந்தது என்பதே என் வெட்கம். அப்பாத்துரையின் பெட்டிக்கு முன் நான் கைகூப்பி நின்றபோது, பின்னாலிருந்து ஒரு பெண் தாழ்ந்த குரலில், “அந்தப் பிள்ளைக்கு இதுல ஒண்ணுகூட நடக்கலையே” என்றாள். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

சம்மதத்தை இனி நான் கேட்கவில்லை. இதைச் சம்மதத்துக்கு விலையாகவும் கருதாதீர்கள். வருகிற ஆடி வெள்ளி மாலை வழிபாட்டின்போது, அதே கொடிமரத்தடியில், அன்று கேட்டவர்களின் முன்னே, நான் செய்தது இன்னதென்று கூறுவேன். உங்கள் மகன் பெயரால் மோட்ச விளக்கும் ஏற்றுவேன். பிறர் என்ன சொன்னாலும் இது நடக்கும்.

இங்ஙனம்,
அம்பலவாணன்

---

நாங்குநேரி,
3-8-99

புலவர் அவர்களுக்கு,

உங்கள் ஊர் வாழைக்காய் வியாபாரி அகமது மீரான் நேற்று இங்கே சந்தைக்கு வந்தார். வண்டியைவிட்டு இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்து, “அண்ணாச்சி, ஒங்க புலவர் வெள்ளிக்கிழமை தன்னைத்தானே கிழிச்சுக்கிட்டாரு” என்றார்.

“என்னத்தவே கிழிச்சாரு?” என்றேன்.

“பதினோரு பேர்ல நாலு பேரு காலமாயிட்டாவ. மிச்சம் ஏழு பேரையும் வீடு வீடாப் போயிக் கூப்பிட்டிருக்காரு. ஆறு பேரு வந்தாவ. ஒருத்தரு, ‘பழசைக் கிளறாதேயும், போம்’னுட்டாரு. கோயில்ல சொல்லி முடிச்சிட்டு, அந்த மனுசன் வீட்டு நடையில போயி நின்னு மறுபடியும் முதல்ல இருந்து சொல்லியிருக்காரு. அவரு கதவைச் சாத்திக்கிட்டாரு. இவரு சாத்துன கதவுகிட்டயே சொல்லி முடிச்சிட்டுத்தான் வந்தாராம். நான் தேர்முட்டிப் பக்கம் நின்னு கேட்டேன் அண்ணாச்சி. ஒரு சொல்லையும் முழுங்கலை.”

உலகம்மாள் உள்ளேயிருந்து வந்து, “வெளக்கு எரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள். “விடிய விடிய எரிஞ்சுது மைனி” என்றார் மீரான். அவள் உள்ளே போய்விட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை.

கல்லைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வெட்டலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அப்பாத்துரை பெயருக்குக் கீழே திராஸ் என்று வெட்டுவீர்கள், அல்லவா? அப்படியே என் மகன் பெயருக்குக் கீழே ‘யாழ்ப்பாணம், 1987’ என்று வெட்ட வேண்டும். ‘நாட்டுக்காக’ என்று பொதுவாக எழுதி மெழுகக் கூடாது.

காரணம் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக யாராவது, “மகன் எங்கே இறந்தான்?” என்று கேட்பார்கள். நான் ஊர்ப்பெயரைச் சொல்வேன். உடனே அவர்கள் பார்வை தரைக்குப் போய்விடும். திருடப் போன இடத்தில் செத்தவனைப் பற்றிக் கேட்டுவிட்டதுபோலப் பேச்சை மாற்றுவார்கள். கொஞ்ச நாளில் நானே, “வெளியூரில்” என்று சொல்லப் பழகிவிட்டேன். பெற்ற நானே அவனை மறைத்தேன். அந்தக் கல்லும் மறைப்பதாக இருந்தால் அவனுக்கு அது வேண்டாம்.

நமச்சிவாயம்

---

சிவமயம்

ஆற்றடிக்குறிச்சி,
ஆடி 23
(8-8-1999)

அன்பிற்குரிய நமச்சிவாயம் அவர்களுக்கு,

நேற்று மாலை பள்ளிக்கூடத்தில் குழு கூடியது. உங்கள் நிபந்தனையைப் படித்தேன். ஞானசம்பந்தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கழற்றினால் மறுக்கப்போகிறார் என்று பொருள்.

“அண்ணாச்சி, பேரு போடுவோம். அதுவே பெரிசு. ஊரு எதுக்கு? யாழ்ப்பாணம்னு கல்லுல கண்டா ஒரு கூட்டம் அதை ஒடைக்க வரும். இன்னொரு கூட்டம் மாலை போட வரும். ரெண்டு பேரும் பள்ளிக்கூட வாசல்ல நின்னு கத்துவாவ. நமக்கு எதுக்கு இந்த வம்பு?” என்றார்.

“திராஸ் என்று வெட்டுகிறோமே?” என்றேன்.

“அது வேற. அது எதிரியோட சண்டை. இது... இதை எப்படிச் சொல்ல? அரசாங்கமே இப்பப் பேச மாட்டேங்கு.”

நான் நூல்களிலிருந்து மேற்கோள் காட்டினேன். தொடுத்த போரின் நியாயம் வேந்தனைச் சேரும், வீழ்ந்தவனின் கடன் அவன் உயிரோடு தீர்ந்தது என்று கால்மணி நேரம் விளக்கினேன். அனைவரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவர் மனமும் அசையவில்லை. இருவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

அப்பாத்துரையின் தாய் இசக்கியம்மாள் திறப்பு விழா அழைப்பிதழைப் பார்க்க வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “ஐயா, நான் ஒண்ணு கேக்கட்டா?” என்றாள்.

“கேளு தாயி” என்றார் ஞானசம்பந்தன்.

“எம் மவனைப் போகச் சொல்லும்போது, ‘இது நல்ல சண்டையா, மோசமான சண்டையா, எந்த ஊரு’ன்னு கேட்டுக்கிட்டா போனான்? போன்னாவ, போனான். உலகம்மக்கா மவனும் அப்படித்தான போயிருப்பான்? அவனை மட்டும் எங்கன விழுந்தான்னு சொல்லாம வச்சா எப்படி? அவனுக்கு ஊரு கெடையாதுன்னா எம் மவனுக்கும் வேண்டாம். பேரும் வேண்டாம். வெறுங் கல்லை நட்டுக்கிடுங்க.”

“கோவப்படாத தாயி.”

“கோவம் இல்ல ஐயா. கேக்கத்தான் செய்யுதேன்.”

ஞானசம்பந்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “வெட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒடைக்க வாரவனை நான் பாத்துக்கிடுதேன்” என்றார். என் கால்மணி நேர விளக்கம் செய்யாததை அவளுடைய நான்கு வார்த்தைகள் செய்துவிட்டன.

ஆனால் இன்று காலை வேறொரு தடை. எழுத்து வெட்டும் நூகு அளவு நூலோடு வந்தார். கல் முன்பே அளவாக அறுத்து வந்துவிட்டது. இரண்டு பெயர், இரண்டு ஊர், இரண்டு ஆண்டு வெட்டினால் என் வெண்பாவுக்கு இடமில்லை. “பாட்டைப் பொடி எழுத்தா நெருக்கி வெட்டட்டா ஐயா? ஆனா பத்து வருசத்துல மழையில அழிஞ்சிரும்” என்றார்.

உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. வெள்ளியன்று வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும் மூன்றாம் அடி வந்தது. நான்காவதும் தொடர்ந்து வந்தது. என் வாழ்நாளில் எழுதியவற்றுள் நானே குறைகாண முடியாத ஒரே வெண்பா அது. எனக்கு வயது எழுபத்துநான்கு. கல்லில் நிற்கப்போகும் என் ஒரே எழுத்து என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். நூகு சுண்ணக்கட்டியோடு காத்திருந்தார். நான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தையும் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

“பாட்டை எடுத்துவிடுங்கள்” என்றேன்.

முதலில் வீழ்ந்தவன் முதலில் வருவான். மேலே கோமதிசங்கர், யாழ்ப்பாணம், 1987. கீழே அப்பாத்துரை, திராஸ், 1999. வேறு ஒரு சொல்லும் இராது. உங்கள் சம்மதக் கடிதத்தை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். விழாவுக்கு நீங்கள் இருவரும் வருவீர்களானால் முன்வரிசையில் இடம் இருக்கும்.

இங்ஙனம்,
அம்பலவாணன்

---

நாங்குநேரி,
11-8-99

புலவர் அவர்களுக்கு,

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உலகம்மாள் கைநாட்டு வைத்திருக்கிறாள். அவளிடம் கேட்க வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் முதலில் தோன்றவில்லை.

விழாவுக்கு வரமாட்டோம். முன்வரிசையில் உட்கார்ந்து பொன்னாடை வாங்க எங்களுக்கு வராது.

வெட்டுகிறவரிடம் ஒன்று சொல்லும். அவன் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்து ‘ந.’ வேண்டும். விட்டுவிட்டால் பிறகு சேர்க்க முடியாது.

நமச்சிவாயம்

---

சிவமயம்

ஆற்றடிக்குறிச்சி,
ஆடி 31
(16-8-1999)

அன்பிற்குரிய நமச்சிவாயம் அவர்களுக்கு,

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கல் திறக்கப்பட்டது. ‘ந.’ விடுபடவில்லை. நூகு வெட்டும்போது நான் அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தேன்.

மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். சொற்பொழிவுகள் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். இரண்டு பெயர்களையும், இரண்டு ஊர்களையும், இரண்டு ஆண்டுகளையும் உரக்கப் படித்தேன். யாழ்ப்பாணம் என்றபோது கூட்டத்தில் ஓர் அசைவு. சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகவே அதை இன்னொரு முறை, இன்னும் உரக்கப் படித்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.

விழாக்குழு ஒரு மாலைதான் வாங்கியிருந்தது. இரண்டு வேண்டும் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. இசக்கியம்மாள் தன் பையிலிருந்து இன்னொரு மாலையை எடுத்தாள். அவளே கட்டியது. அதை முதலில் கோமதிசங்கருக்குச் சாத்தினாள்.

அம்பலவாணன்

---

நாங்குநேரி,
21-8-99

அண்ணாச்சிக்கு,

புதன்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் வந்தோம். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. கல்லைப் பார்த்தோம்.

உலகம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. “எது நம்ம பய பேரு?” என்றாள். காட்டினேன். “கீழ எழுதியிருக்கது?” என்றாள். சொன்னேன். “இன்னொரு தடவை வாசியுங்க” என்றாள். வாசித்தேன். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “யாரு, சொந்தமா?” என்று கேட்டார். “எங்க மவன். யாழ்ப்பாணத்துல செத்தான்” என்று அவளே சொன்னாள். அவர் தரையைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

உங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே நீங்கள் ஓதும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டக் கையை எடுத்தேன். முடியவில்லை. திரும்பிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். வரும்போது வரட்டும்.

இப்போது எழுதப்போவதை இதுவரை உலகம்மாளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மகன் இறந்த தந்தியை எனக்கு யாரும் கொண்டுவந்து தரவில்லை. அன்றைக்குத் தபால் பிரித்தவன் நான். என் கைக்குத்தான் வந்தது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு, 88லும் 89லும் அதே இடத்திலிருந்து இன்னும் இரண்டு தந்திகள். இரண்டையும் நான்தான் அவரவர் வீட்டில் கொடுத்தேன். ஒன்று ஏர்வாடி போகிற வழியில், மற்றொன்று களக்காட்டுப் பக்கம். வாங்கியவர்களிடம், “எனக்கும் வந்துச்சு” என்று சொல்ல நினைத்து, சொல்லாமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு எங்கும் கல் இல்லை. விசாரித்துவிட்டேன்.

அவர்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கும் ஒரு தலைவர் கண்ணாடியைக் கழற்றத்தான் செய்வார். உங்களுக்குத்தான் பழக்கம் ஆகிவிட்டதே. வியாழக்கிழமை ஒன்பதரை மணி பஸ்ஸில் நாங்குநேரி வந்து இறங்குங்கள். நோட்டும் பேனாவும் எடுத்து வாருங்கள், என் எழுத்து மணியார்டருக்கு மட்டும்தான் ஆகும்.

முதலில் ஏர்வாடி வழி வீட்டுக்குப் போவோம், கதவை நான் தட்டுகிறேன். அந்த அம்மாவுக்கு என் முகம் மறந்திருக்காது, கண்டதும் பதறிப்போவாள். அதனால் நடையில் நின்றதுமே சொல்லிவிட வேண்டும்: “தந்தி இல்லம்மா. ஒங்க மவன் பேரைக் கேட்டு வந்திருக்கோம்.”

நமச்சிவாயம்